4600 கேட்டால் 4589 காட்டும் ரைசன் 5600எக்ஸ்

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, ஓடும். அந்த வேலையை ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ் என்ற ப்ராசஸரிடம் ஒப்படைத்திருக்கிறேன். 2020 நவம்பரில் வந்த சிப். 6 கோர், 12 த்ரெட், அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.6, கூலரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சூட்டு அளவான டிடிபி 65 வாட். புதுத் தலைமுறைகள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் இந்தச் சிப் பொருந்துகிற ஏஎம்4 மதர்போர்டு கையில் இருப்பவருக்கு இது இன்னும் நல்ல சிப்தான்.

இதை ஓவர்கிளாக் செய்கிறவர்கள், அதாவது வேகத்தைக் கையால் கூட்டி ஓட்டுகிறவர்கள், எல்லாரும் ஒரே சந்தேகத்தோடு வருகிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் கேட்டான்: “மாமா, மல்டிப்ளையர் 46 வெச்சேன். 4600 வரணும்ல? 4589 காட்டுது, அப்புறம் 4591ங்குது. சிப்பு டூப்ளிகேட்டா?”

டூப்ளிகேட் இல்லை. 4600 மெகாஹெர்ட்ஸ் (4.6 கிகாஹெர்ட்ஸ்) என்ற எண்ணைச் சிப் நேரடியாக உருவாக்குவதில்லை. போர்டிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக் வருகிறது, சிப் அதை 46 மடங்காக்குகிறது. அந்த 100 சரியாக 100 இல்லை என்றால் 46 மடங்கும் சரியாக இருக்காது. சிப்பின் அளவீடுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பஸ் கிளாக் (அந்த பேஸ் கிளாக்தான்) வரியைப் பாருங்கள், 99.8 பக்கத்தில் நிற்கும். 99.75 என்று வைத்து 46-ஆல் பெருக்கினால் 4588.5. கணக்கு முடிந்தது.

ஏன் 99.75 என்பதுதான் சுவாரசியமான பகுதி. கிளாக் சரியாக 100-லேயே நின்றால் ரேடியோ அலையாக வெளியே கசியும் சக்தி முழுவதும் அந்த ஒரே இடத்தில் கூராகக் குவியும். 100 என்பது எஃப்எம் பட்டைக்குள் வருகிற எண். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கிற கொடைக்கானல் பண்பலையே 100.5-இல்தான் இருக்கிறது. மின்காந்த இரைச்சலுக்கு ஒவ்வொரு நாட்டிலும் வரம்பு உண்டு. அதைத் தாண்டாமல் இருக்க, போர்டு தயாரிப்பாளர்கள் கிளாக்கை வேண்டுமென்றே லேசாக ஆட்டி விடுகிறார்கள். ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்பது இதுதான். போர்டில் கார்டுகளை இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் தரம் 0.5 சதவீதம் வரை கீழ்ப்பக்கமாக ஆட அனுமதிக்கிறது, விநாடிக்கு 30,000 முதல் 33,000 தடவை என்ற கணக்கில். 100-க்கும் 99.5-க்கும் இடையே இப்படி ஏறி இறங்கினால் சராசரி 99.75.

சில போர்டுகளின் பயாஸ் அமைப்புத் திரையில் இதை அணைக்க வழி இருக்கிறது. அணைத்தால் 4600-ஐ ஒட்டி வரும், ஸ்கிரீன்ஷாட் அழகாக இருக்கும். கிடைக்கிற லாபம் 0.25 சதவீதம். ஒரு மணி நேர ரெண்டரில் 9 விநாடி. நான் அணைக்கவில்லை.

அணைத்த பிறகும் கடைசி இலக்கம் துள்ளினால், அதற்கு இரண்டு காரணங்கள். கிளாக்கின் மூலமான குவார்ட்ஸ் படிகத்துக்கே சின்ன விலகல் உண்டு, சூட்டுக்குக் கொஞ்சம் நகரவும் செய்யும். பிசிஐ எக்ஸ்பிரஸ் அனுமதிக்கிற விலகல் பத்து லட்சத்துக்கு 300. 4600-இல் அது 1.4 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. இன்னொன்று, அளக்கிற மென்பொருள். அது பஸ் கிளாக்கை ஒரு நேரத்திலும் மல்டிப்ளையரை இன்னொரு நேரத்திலும் படித்துப் பெருக்குகிறது. அதனால் சிப் அசையாமல் இருந்தாலும் திரையில் எண் ஆடும்.

சரி, கவலைப்பட வேண்டிய ஆட்டம் எது? மல்டிப்ளையரை ஆட்டோவில் விட்டால் இந்தச் சிப் 25 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏறி இறங்கும். 4638, 4613 என்று பார்த்தால் முறையே 46.5, 46.25 என்று அர்த்தம். அது சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்துச் சிப் எடுக்கிற முடிவு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத என் அறையில் ஒரு படியோ இரண்டு படியோ கீழேதான் இருக்கும். சாக்கெட் வழியாகச் சிப் இழுக்கிற மின்சாரம் 76 வாட், சூடு 95 டிகிரி, இவைதான் அதன் எல்லைகள். பெட்டியோடு வரும் கூலர் ஸ்டாக் வேகத்துக்கு, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு, போதும். ஓவர்கிளாக் எண்ணம் இருந்தால் டவர் கூலர் வாங்கிவிடுங்கள்.

உண்மையாகவே ஏமாற்றுவது வேறொன்று. சூடு குறையட்டும் என்று ஆட்டோவில் வோல்டேஜ் ஆஃப்செட் மூலம் சிப்புக்குப் போகும் வோல்டேஜை அளவுக்கு மீறிக் குறைத்தால் கணினி தொங்காது, காட்டுகிற வேகமும் குறையாது, சொல்லப்போனால் ஏறக்கூடச் செய்யும். ஆனால் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையில் மதிப்பெண் இறங்கும். வோல்டேஜ் பள்ளத்தில் விழும்போது சிப் தன் துடிப்பை நீட்டிக்கொண்டு தப்பிக்கிறது, அதற்குப் பெயர் கிளாக் ஸ்டிரெச்சிங். கோர் கிளாக் வரியில் இது தெரியாது. எச்டபிள்யூஇன்ஃபோவில் கீழே எஃபெக்டிவ் கிளாக் என்று தனி வரிகள் இருக்கின்றன. கோர் உண்மையிலேயே எத்தனை துடிப்பு வேலை செய்தது என்று எண்ணிச் சொல்பவை அவை. முழு லோடில் அந்த எண்ணும் கோர் கிளாக்கும் ஒட்டி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி இருந்தால் வோல்டேஜைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். சும்மா இருக்கும்போது எஃபெக்டிவ் வெறும் 30, 40 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், கோர்கள் தூங்குகின்றன.

என்னைக் கேட்டால், இந்தச் சிப்பில் 4600 என்று பூட்டி வைப்பதே தேவையில்லாத வேலை. ஒற்றைக் கோர் வேலைக்கு இது தானாகவே 4650 பக்கம் போகும். பூட்டினால் அதை இழக்கிறோம், வோல்டேஜும் எந்நேரமும் ஏறியே நிற்கும். சிப் தானே வேகமேற்றும் வரம்பைத் தளர்த்துகிற பிபிஓவை இயக்கி, கோருக்குக் கோர் வோல்டேஜைச் சரிசெய்கிற கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் கொஞ்சம் மைனஸ் கொடுத்து விட்டிருக்கிறேன். ரெண்டர் வேகம் பூட்டி வைத்ததற்கு ஏறக்குறைய சமம், விசிறிச் சத்தம் குறைவு. அக்கா மகனுக்கும் அதையே வைத்துக் கொடுத்தேன். இப்போது 4638 ஏன் 4650 இல்லை என்று கேட்கிறான்.

புதிதாக வாங்குபவர்கள் எக்ஸ் இல்லாத 5600-இன் விலையையும் பாருங்கள். 2022-இல் வந்தது, அதே 6 கோர், பூஸ்ட் 4.4, மல்டிப்ளையர் பூட்டும் கிடையாது. விலை வித்தியாசம் நல்ல கூலர் வாங்குகிற அளவுக்கு இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.