கியாந்தியா, பிரியோராட்டா: சைக்கிளுக்கு எந்த மலை?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில் தம்பியும் நானும் இத்தாலியின் கியாந்தியில் ஐந்து நாள் சைக்கிள் ஓட்டினோம். இந்த ஆண்டு மே மாதம் ஸ்பெயினின் கத்தலோனியாவில், பிரியோராட் மலைகளில் எட்டு நாள். இரண்டுமே மத்தியதரைக் கடல் பக்கத்துத் திராட்சை நாடு. இரண்டிலும் ஆலிவ் மரம் உண்டு, குன்றின் தலையில் கல்வீடு கட்டிய ஊர் உண்டு, மாலையில் நல்ல ஒயின் உண்டு. அடுத்த மே மாதத்துக்கு எங்கே போவது என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு நீளவில்லை. பிரியோராட்டின் தலைநகரான ஃபால்செட்டில் அறை சொல்லிவிட்டோம். ஏன் என்பதை எழுதி வைத்தால், இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்காவது உதவும்.

கியாந்தியின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிளாரன்ஸிலிருந்து சியேனா வரை போகும் கியாந்திஜானா என்ற எஸ்.ஆர்.222 சாலை, கிரேவே, பன்சானோ, காஸ்டெல்லினா என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகிறது. 1716இல் மூன்றாம் கோசிமோ பிரபு எல்லை வகுத்துக் கொடுத்த ஒயின் பூமி இது. ஒரு பக்கம் ஃபிளாரன்ஸ், இன்னொரு பக்கம் சியேனா. சைக்கிள் ஓட்டாத வாழ்க்கைத்துணையோ பெற்றோரோ உடன் வந்தால் அவர்களுக்குப் பொழுது போகாது என்ற பேச்சே இல்லை. பழைய சைக்கிள்களும் கம்பளிச் சட்டைகளுமாக நடக்கும் லெரோயிகா சைக்கிள் விழா, 1997இல் இங்குள்ள கயோலே ஊரில் தொடங்கியது. சியேனாவில் முடியும் ஸ்ட்ராடே பியாங்கே தொழில்முறைப் பந்தயம் 2007இல் வந்தது. ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் வெள்ளை மண் சாலையில், இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டி நிற்க, சக்கரத்துக்கடியில் சரளை நறநறக்க ஏறியது எனக்கு ஆயுளுக்கும் மறக்காது.

பிரியோராட்டுக்கு இந்தப் புகழ் கிடையாது. தர்ரகோனா மாகாணத்தில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, மொன்ட்சான்ட் மலைத்தொடரின் காலடியில் இருக்கும் சின்னஞ்சிறு வட்டாரம். பெயர் மடத்தலைவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவிகள் இங்கே மடம் கட்டினார்கள். அதன் பெயர் ஸ்காலா தேய், 'கடவுளின் ஏணி'. ஏறுகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர். ஸ்பெயினில் ஒயினுக்கான மிக உயர்ந்த தரநிலை இரண்டே வட்டாரங்களுக்குத்தான் இருக்கிறது. ஒன்று ரியோஹா, மற்றொன்று இது.

வாகன நெரிசல், அறை வாடகை ஆகிய இரண்டிலும் பிரியோராட் எளிதாக வெல்கிறது. ரயில் வசதியில் கியாந்தி முந்துகிறது. ஃபிளாரன்ஸில் இறங்கி அப்படியே ஓட்டத் தொடங்கலாம். பார்சிலோனாவிலிருந்து மார்சா-ஃபால்செட் நிலையத்துக்கு வரும் வண்டி நிதானமாகத்தான் வருகிறது. இதற்கெல்லாம் மேல் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ஏற்றத்தின் குணம்.

கியாந்திஜானா பிரதான சாலையின் ஏற்றத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. கிரேவே கடல்மட்டத்திலிருந்து 236 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்நூறு மீட்டரை நெருங்கும் பன்சானோவுக்கு ஏறலாம், பேசா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கலாம், மறுபடி 578 மீட்டரில் உள்ள காஸ்டெல்லினாவுக்கு ஏறலாம். சீரான சாலைதான். ஆனால் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில்தான் வருகின்றன. அமைதி தேடிப் பக்கச் சாலைக்குத் திரும்பிய மறுநிமிடம் நிலம் மாறிவிடுகிறது. பண்ணை வீட்டிலிருந்து பண்ணை வீட்டுக்கு மாட்டுவண்டி போன தடங்கள் அவை. ஓடைக்கு நேராக இறங்கி, எதிர்க்கரையில் நேராக ஏறும். நூறு, இருநூறு மீட்டருக்குச் சாய்வு 10 சதவீதத்தைத் தாண்டும், அதாவது நூறு மீட்டர் போவதற்குள் பத்து மீட்டருக்குமேல் உயரம். பிறகு தணியும், பிறகு மறுபடி எகிறும்.

இதைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சுமார் 150 வாட் போதும். பழகிய எவரும் ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடிய சக்திதான் அது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்ற கியரில் பெடல் நிமிடத்துக்கு 65 சுற்று சுற்றும். முழங்கால் முனகாது. அதே 150 வாட்டோடு 12 சதவீதத்துக்குப் போனால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு வந்துவிடும், பெடல் 35 சுற்றைக்கூடத் தொடாது. அந்த மந்தகதியில் ஒவ்வொரு மிதியும் படியேறுவது போல முட்டியில் இறங்குகிறது. சுற்றை 60க்கு உயர்த்த வேண்டுமானால் 265 வாட் வேண்டும். அதை என்னால் இரண்டு மூன்று நிமிடம் தாங்க முடியும். தம்பியால் முடியாது. அவன் சைக்கிள் ஓட்டத் தொடங்கி அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வாடகைக் கடையில் அவனுக்குக் கொடுத்த சைக்கிளில் பின்னால் 28 பல்தான் பெரியது. பின்னால் பல் கூடக் கூட ஏறுவது எளிது என்பதால் முன்பதிவின்போதே 34 கேட்டிருந்தோம். ராடா என்ற ஊருக்கு மேலே ஒரு வெள்ளைச் சாலையில் அவன் எழுந்து நின்று மிதித்தான். பின்சக்கரத்தில் எடை குறைந்ததும் அது சரளையில் வெறுமனே சுழன்றது. இறங்கித் தள்ளினான். நான் மேலே காத்திருந்தேன். ஐந்து நாளும் பெரும்பாலும் அப்படித்தான் கழிந்தன: ஒருவன் மேட்டில் காத்திருக்க, ஒருவன் கீழே மூச்சு வாங்க.

பிரியோராட்டின் மலை கியாந்தியைவிடச் செங்குத்தானது. சில சரிவுகளில் டிராக்டர் நிற்காது. திராட்சையைக் கையால்தான் பறித்தாக வேண்டும். ஆனால் மலை அவ்வளவு செங்குத்தாக இருப்பதால்தான் சாலை சாய்வாக இருக்கிறது. நேராக ஏற வழியே இல்லாத இடத்தில் சாலை போட்டவர்கள் என்ன செய்வார்கள்? மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் கொண்டுபோவார்கள். ஃபால்செட்டிலிருந்து கிரத்தயோப்ஸுக்குப் போகும் டி-710 சாலை ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே நுழைந்து வெளியே வருகிறது. ஏற்றம் பெரும்பாலும் 4 முதல் 7 சதவீதத்துக்குள் நிற்கிறது. ஒரு கியரைப் போட்டுவிட்டால் நெடுநேரம் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாம் நாள், பேச்சுவாக்கில் தம்பி சொன்னான்: "அண்ணா, ஏறிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறோம், கவனித்தீர்களா?" அதுவரை நான் கவனித்திருக்கவில்லை. அவன் என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான்.

நிதானமாக ஏறும்போது கண்ணுக்கும் வேலை கிடைக்கிறது. சாலை வெட்டிய இடமெல்லாம் லிகொரேயா என்று அவர்கள் சொல்லும் சிலேட்டுப் பாறை ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு சில்லை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன். பள்ளிக்கூடத்துச் சிலேட்டின் அதே நிறம், அதே வாசனை. ஓரத்தில் அபிரகம் மினுங்கியது. இந்தக் கல்லில் மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. நீரைத் தேடிக் கொடியின் வேர் பாறை இடுக்கில் ஆழமாக இறங்குகிறது. பழைய கர்னாச்சா, கரின்யேனா கொடிகள் முட்டியுயரக் கட்டைகளாக நிற்கின்றன. ஒரு கொடிக்குக் கிடைக்கும் பழம் கொஞ்சம்தான். அதனால்தான் ஒயினும் கனமாக இருக்கிறது. 14, 15 சதவீத மது சாதாரணம். மதிய உணவோடு ஒரு குவளை என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள், இறக்கங்கள் மன்னிக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மழைக்கு அடுத்த நாள் வளைவுகளில் சிலேட்டுச் சில்லுகள் வழிந்து கிடக்கும். இறங்கும்போது வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்துவிட வேண்டும். வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றை செரே என்கிறார்கள். அது எழுந்த நாளில் மலைமுகட்டுச் சாலையில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. மதியம் இரண்டு மணிக்குமேல் கடைகள் அடைத்துவிடுகின்றன. ஒயின் கூடங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும், கியாந்தியில் போல வழியில் நின்று நுழைந்துவிட முடியாது. கோடையில் நான் அங்கே ஓட்டியதில்லை. கறுத்த சிலேட்டு மே மாத மதியத்திலேயே அனலை வீசியதை வைத்துப் பார்த்தால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் போகச் சொல்லமாட்டேன். அதேபோல் கியாந்தியை நான் வசந்தத்தில் பார்த்ததில்லை. அறுவடை முடிந்து இலை பழுத்த அக்டோபர்தான் எனக்குத் தெரியும்.

பிரான்ஸின் வான்ட்டூ பக்கத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: பெதுவானிலிருந்து 21 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் ஏறும் மலை அது. அதற்குப் போகிறவர்கள் அந்த ஒரு சிகரத்துக்காகவே போகிறார்கள்.

தனியாக ஓட்டுபவர், கால் வலுவுள்ளவர், வெட்டி வெட்டி ஏறுவதில் சுகம் காண்பவர் என்றால் கியாந்திக்கே போகலாம். 32 மில்லிமீட்டர் டயரும் பின்னால் 34 பல்லும் இல்லாமல் வெள்ளைச் சாலையில் கால் வைக்க வேண்டாம். இருவர் போகிறீர்கள், ஒருவர் மற்றவரைவிட மெதுவானவர் என்றால், தயக்கமே இல்லாமல் பிரியோராட்.

முதல் நாளுக்கு எங்கள் சுற்றையே சொல்கிறேன். ஃபால்செட்டிலிருந்து கிரத்தயோப்ஸ், லா விலேயா பாய்ஷா, எஸ்கலாதேய். அங்கே மடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு லா மொரேராவுக்கு ஏறுங்கள், முந்நூறு மீட்டர் உயரம். திரும்பும் வழியில் பொபொலேதா, தொரோஜா, பொரேரா. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பொரேராவில் வீட்டுச் சுவர்களில் வெயில் கடிகாரங்கள் வரைந்திருக்கின்றன. கடை திறக்கக் காத்திருந்த நேரத்தில், ஒன்றின் கீழே தம்பியும் நானும் பாதாம்பருப்பைக் கொறித்துக்கொண்டு, கம்பியின் நிழல் ஐந்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபால்செட்டுக்கு இன்னும் ஓர் ஏற்றம் பாக்கி இருந்தது.