கொண்டுவருபவர் காசோலையா, கோடிட்ட காசோலையா?

ஹட்டனில் கடை வைத்திருக்கும் எங்களில் பலர் கொழும்பு மொத்த வியாபாரிகளுக்கு இன்னும் காசோலைதான் கொடுக்கிறோம். சரக்கு ஏற்றி வந்த லொறியிலேயே அது மலை இறங்கிப் போகும். "பெயர் எழுத வேண்டாம் முதலாளி, அங்கே முத்திரை குத்திக்கொள்வார்கள்" என்பார் சாரதி. மழையில் நனைந்தபடி நிற்பவரைக் காக்கவைக்க மனம் வராது. நானும் ஒருமுறை அப்படியே கொடுத்தேன். எட்டாயிரம் எழுதிய காசோலைக்கு என் கணக்கிலிருந்து எண்பதாயிரம் போனது.

தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தொகையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அந்த மொழியில் எட்டுக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் எண்பது. இலக்கத்தின் பின்னால் ஒரு சுழி. இரண்டுக்கும் இடம் விட்டவன் நான். தமிழில் 'எட்டாயிரம்' அவ்வளவு எளிதாக 'எண்பதாயிரம்' ஆகாது. தமிழுக்கு ஆபத்து முன்பக்கத்தில்தான்: 'ஐயாயிரம்' என்பதற்கு முன் இடமிருந்தால் 'நாற்பத்து' வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே இடது ஓரத்தைத் தொட்டே எழுதத் தொடங்குங்கள். முடிவில் 'மட்டும்' போட்டு, மிச்ச இடத்தைக் கோட்டால் அடைத்துவிடுங்கள்.

இடம் விட்டால் நட்டம் யாருக்கு? லண்டனில் ஓர் எழுதுவினைஞர், தன் முதலாளியின் 2 பவுண் காசோலையில் இலக்கத்தின் இருபுறமும் இருந்த இடைவெளியை நிரப்பி 120 ஆக்கினார். நட்டம் கையொப்பமிட்ட வாடிக்கையாளருக்கே என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1918இல் தீர்த்தது. காசோலைகளை ஆளும் நமது 1927ஆம் ஆண்டு மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமும் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியதே.

கொண்டுவருபவர் காசோலை வழியில் தொலைந்தால், கையில் வைத்திருப்பவர் வங்கியில் நீட்டிக் காசாக்கலாம். பெறுபவரின் பெயரை எழுதி, 'அல்லது கொண்டுவருபவருக்கு' என்ற அச்சுவரியைப் பேனாவால் அடித்துவிட்டு, மூலையில் இரு கோடிட்டு, இடையே 'பெறுபவர் கணக்கில் மட்டும்' என்று எழுதினால் பணம் ஒரு கணக்கு வழியாகத்தான் போக முடியும். யார் எடுத்தார் என்ற தடயமும் மிஞ்சும். ஆனால் இந்த மூலைக் கோடு தொகையைக் காக்காது. 2006 முதல் இலங்கையில் காசோலையின் பிம்பமே வங்கிகளுக்கிடையே போகிறது. சுரண்டிய தாளை விரலால் தடவிப் பார்க்க உங்கள் வங்கிக்கு வாய்ப்பில்லை. அழியாத மை அதனால்தான் முக்கியம்.

கைப்பேசி வழியே அனுப்பும் பணத்தில் தாளும் இல்லை, திருத்தமும் இல்லை. ஆயினும் கணக்கிலக்கத்தில் ஓர் எண் பிசகினால், பணம் போய்ச் சேர்ந்தவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காசோலையையோ, பணம் எடுக்கப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பாலும் கையொப்பமிட்ட கடிதத்தாலும் நிறுத்தலாம். பழகிய வியாபாரிக்கு நான் கோடிட்ட காசோலையையே கொடுக்கிறேன், காசோலை இலக்கத்தை அடிக்கட்டையில் குறித்துவிட்டு. புதியவர் என்றால், கணக்கிலக்கத்தை அவர் வாயால் இருமுறை சொல்லக் கேட்டு, முதலில் நூறு ரூபாய் அனுப்பிப் பார்க்கிறேன்.