எல்லைப்புறத்திலிருந்து தொடங்கும் ஒரு வரலாற்று வகுப்பு

அமெரிக்கப் புரட்சியை 1773இல் பொஸ்ரன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலையிலிருந்து தொடங்குவதே நம் ரியூசன் வகுப்புகளின் வழமை. திருகோணமலை நகரில் ஒரு தனியார் கல்வி நிலையம் தரம் 11 மாணவருக்கும் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கும் சேர்த்து நடத்தும் வார இறுதி வகுப்போ அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலையடிவாரத்தில் தொடங்குகிறது. மகளுடன் அமர்ந்து கேட்ட எனக்கு, கொடுத்த கட்டணம் அந்த ஒன்றுக்கே தகும் என்று பட்டது.

1763 ஒக்டோபரில் பிரித்தானியாவின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் வெளியிட்ட பிரகடனம் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்தது. போர்க்கடனில் மூழ்கியிருந்த லண்டன் பூர்வகுடிகளுடன் மேலும் மோத விரும்பவில்லை. அந்த நிலத்துக்காகவே பிரெஞ்சுக்காரருடன் போரிட்டதாக நம்பிய குடியேறிகளுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. இதை எந்த நூலிலும் படிக்கலாம். ஆசிரியரின் திறமை, அவர்களுடைய கோபம் தொலைவிலிருந்த மன்னரை விட்டு அருகிலிருந்த ஆட்சியாளர் மீதும் பாய்ந்ததைக் காட்டும் இடத்தில் வெளிப்படுகிறது.

பென்சில்வேனியாவின் பக்ஸ்ரன் பகுதியினர் 1763 டிசம்பரில், ஒரு தீங்கும் செய்யாத கொனஸ்தோகா பூர்வகுடி மக்கள் இருபது பேரைக் கொன்றுவிட்டு, மறு பெப்ரவரியில் ஆட்சியாளர் இருந்த தலைநகர் பிலடெல்பியாவை நோக்கித் திரண்டார்கள்; பெஞ்சமின் பிராங்க்ளின் உள்ளிட்ட குழுவினர் பேசிய பின்னரே திரும்பினார்கள். எல்லைப்புற மாவட்டங்களுக்குச் சட்டசபையில் போதிய ஆசனங்கள் இல்லை என்பதும் அவர்களது முறைப்பாடுகளில் ஒன்று. வட கரோலைனாவில் அதிகாரிகளின் அநியாயக் கட்டணங்களையும் ஆளுநர் டிரையனின் மாளிகைக்கான வரியையும் எதிர்த்த விவசாயிகள் 1771 மே 16 அன்று அலமான்சில் தோற்கடிக்கப்பட்டனர். அடுத்த மாதம் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டனர். அன்று டிரையனுடன் நின்ற பிரமுகர்கள் சிலரே பின்னர் புரட்சித் தலைவர்களானதையும், தோற்றவர்களில் பலர் அவர்களை நம்ப மறுத்ததையும் ஆசிரியர் விளக்கிய மணித்தியாலமே முழு வகுப்பிலும் சிறந்தது.

குறைகளும் உண்டு. அதே 1763இல் ஆங்கிலேயரை எதிர்த்த பூர்வகுடித் தலைவர் பொன்ரியாக்கும் அவருடன் எழுந்தவர்களும் ஓரிரு வசனங்களில் கடந்துவிடுகிறார்கள். காணியும் குடியேற்றமும் அன்றாடப் பேச்சாயிருக்கும் நம் மாவட்டத்தில், அது யாருடைய நிலம் என்ற கேள்வியை மாணவர் கேட்காமலா இருப்பார்கள்? அமெரிக்கப் புரட்சிப் போரின் தொடர்ச்சியாக 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றி, ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரனிடம் இழந்ததும் சொல்லப்படவில்லை. பிரெட்ரிக் கோட்டை இருக்கும் ஊரில் இது பெரிய விடுபாடு.

கைந்நூலின் வரைபடங்கள் நிழற்பிரதியில் கறுத்துப்போய், 1763ஆம் ஆண்டின் எல்லைக்கோடே தெரியவில்லை. மாதிரி வினாவிடை மட்டும் வேண்டுவோருக்கு இது ஏற்ற இடமன்று. காரணங்களை விளங்கிப் படிக்க விரும்பும் பிள்ளையைத் தயங்காமல் சேர்க்கலாம், ஒரு நல்ல தேசப்படத்தையும் கையில் கொடுத்து அனுப்பினால் போதும்.