என் மகன் படத்தைக் காட்டிப் பணம் கேட்டால்

போன ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு அக்கா போன் செய்தார். அவர் பையன் பத்தாம் வகுப்பு, பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சர். "உங்க பையனை காலேஜ்ல சேர்த்துவிட்ட கம்பெனி ஜூம்ல பேசினாங்கம்மா. அவன் போட்டோவைக் காட்டினாங்க. 3,900 டாலர் கேக்குறாங்க, கட்டலாமா?" என்றார்.

எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. விளையாடும் பையன்களுக்குக் கல்லூரி அணியில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் அந்த நிறுவனம் என் மகனை எங்கும் சேர்த்துவிடவில்லை. வந்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பையும் கெடுத்தது. இதுவரை வெளியே சொல்ல வெட்கப்பட்டு இருந்தேன். இனி இருக்க முடியாது.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். மகன் எட்டு வயதில் லிட்டில் லீக்கில் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப் ஆனான், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஓடித் தொட வேண்டிய முனைகளுக்கு) நடுவில் நின்று பந்தைத் தடுப்பவன். கல்லூரியிலும் விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது கோச்சுகள் முன்னால் பையன்கள் திறமையைக் காட்டும் ஒரு ஷோகேஸ் முடிந்த மூன்றாம் நாள் அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "உங்கள் பையனிடம் டிவிஷன் 1 தரம் இருக்கிறது. அது அமையாவிட்டால்கூட டிவிஷன் 3 கல்லூரியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்றார்கள். கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள், மேலே இருப்பது டிவிஷன் 1.

அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் போனை வைத்திருக்க வேண்டும். டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது, அது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. அங்கே கிடைப்பது மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும்தான். டிவிஷன் 1 பேஸ்பாலிலேயே பல ஆண்டுகளாக ஓர் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான் வரம்பாக இருந்தது, அதையும் 27 பேர் வரை பங்கு போட்டுக் கொடுத்தார்கள். டிவிஷன் 2-ல் 9. ஃபுட்பாலில் கேள்விப்படுகிற முழு ஸ்காலர்ஷிப் பேஸ்பாலில் அபூர்வம். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு தவணையில் 3,900 டாலர் என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் செய்து கொடுத்தது மூன்று. ஒன்று, ஏழு நிமிட வீடியோ. பின்னால் அதிரும் இசை, முதல் ஒன்றரை நிமிடம் அவன் பெயர் பறந்து வரும் கிராஃபிக்ஸ். இரண்டு, ஒரு விவரப் பக்கம். மூன்று, முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோச்சுகளுக்கு ஒரே நாளில் போன ஒரே மின்னஞ்சல். பிறகு மாதாமாதம் "28 கோச்சுகள் ஆர்வம் காட்டியிருக்கிறார்கள்" என்று ஓர் அறிக்கை வரும். அந்த ஆர்வத்தில் பெரும்பாலானவை பணம் கட்டிக் கலந்துகொள்ளும் முகாம்களுக்கான பொது அழைப்புகள் என்பது பின்னால்தான் புரிந்தது. முகவரி கையில் இருக்கும் எல்லாப் பையன்களுக்கும் அந்த அழைப்பு போகும்.

உண்மை தெரிந்தது ஆகஸ்ட் மாதம், பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரி நடத்திய ஒரு நாள் முகாமில். மாணவர் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கும் குறைவு, டிவிஷன் 3. காலையில் 60 யார்டு ஓட்டம். கோச் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடியும் ஓடச் சொன்னார். 7.15 விநாடி. தாளில் 6.8 என்று இருந்தது. உயரம் ஆறடி என்று இருந்தது, என் மகன் ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 4.1 என்று இருந்தது. அது கடினப் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்தது, சேர்க்காத கணக்கில் 3.6. இந்த எண்கள் எதையும் நாங்கள் எழுதவில்லை.

மதியம் வேலியோரம் என்னையும் மகனையும் கோச் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. போனைத் திறந்து எங்கள் பெயரில் வந்த மின்னஞ்சலைக் காட்டினார். "உங்கள் கல்லூரியில் படிப்பது என் கனவு" என்ற வரியில் வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது. அதே மாநிலத்தில் அவர்களை எதிர்த்து ஆடுகிற அணி. மகன் தலை குனிந்து நின்றான். அவன் அப்படி நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த மனிதர் நாற்பது நிமிடம் எங்களுக்காக ஒதுக்கினார். 3,900 டாலருக்கு யாரும் சொல்லித் தராததை அவர் சும்மா சொல்லித் தந்தார். 7.15 ஒன்றும் பெரிய குறை இல்லையாம். ஷார்ட்ஸ்டாப்பாக வராவிட்டாலும் இரண்டாம் பேஸுக்கு அந்தக் கால்களும் கைகளும் போதும் என்றார். ஆனால் தாளில் ஓர் எண் பொய் என்று தெரிந்தால் மற்ற எதையும் நம்ப முடியாது என்றார். வீடியோ இரண்டு மூன்று நிமிடம் போதும். இசை வேண்டாம், பந்து மட்டையில் படும் சத்தம் கேட்க வேண்டும். நல்ல ஆட்டம் முதல் இருபது விநாடியிலேயே வந்துவிட வேண்டும், அதற்கு மேல் யாருக்கும் பொறுமை கிடையாது. பிட்சர் என்றால் வேகத்தோடு ஸ்ட்ரைக் போடுகிறானா என்று பார்ப்பாராம். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் என்றால் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பாராம், இரண்டு விநாடியை ஒட்டி இருந்தால் நிமிர்ந்து உட்காருவாராம்.

அப்புறம் ஆட்டத்துக்கு வெளியே இருப்பவை. ஒரு பந்தைத் தவறவிட்டால் அடுத்த பந்துக்குள் நிமிர்கிறானா, சுலபமாக அவுட் ஆகும் பந்துக்கும் முதல் பேஸ் வரை முழு வேகத்தில் ஓடுகிறானா, ஆட்டத்தில் இல்லாதபோது வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் என்ன செய்கிறான், பையைத் தானே தூக்குகிறானா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது மகன் நன்றி சொன்னதைக்கூட அவர் கவனித்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பள்ளி மதிப்பெண் பட்டியல். சிறிய கல்லூரிகளில் கோச் நினைத்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. படிப்பில் கெடுபிடியான பல கல்லூரிகளில், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் தனக்கு வேண்டிய பையன்களின் மதிப்பெண் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி முன்கூட்டியே கருத்துக் கேட்பார். ப்ரீ-ரீட் என்பார்கள். அவர் ஆதரித்துச் சொல்லக்கூடிய பெயர்கள் சில மட்டுமே. அதனால்தான் "கூப்பிட்டால் இவன் வருவானா" என்பது அவருக்கு அத்தனை முக்கியம், அதனால்தான் கடிதம் பையனே எழுதியதாக இருக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நிறுவனத்தின் தளத்தில் மகன் ஒவ்வொரு பக்கமாகத் தோண்டினான். கோச்சுகள் அனுப்பும் பதில் அவனுடைய மின்னஞ்சலுக்கு வராமல், அவர்கள் தளத்தில் ஒரு மூலையில் போய் விழும்படி அமைத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரம் அதில் ஒரு கடிதம் கிடைத்தது. வேறொரு கல்லூரி, அவனுக்கு மிகவும் பிடித்த கல்லூரி. ஜூன் 19 அன்று அந்த கோச் எழுதியிருந்தார்: வீடியோ பார்த்தேன், டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பு, ப்ரீ-ரீட் கொடுக்கலாம் என்று. இரண்டரை மாதம் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. மகன் அன்றே பதில் எழுதினான். அந்த ஆண்டுக்கான பெயர்கள் முடிந்துவிட்டன, வருந்துகிறேன் என்று மறுநாள் பதில் வந்தது. பணம் போனதுகூட ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சேவை தொடங்கிய பின் கட்டணம் திரும்பாது" என்ற நான்காம் பக்க வரியைக் காட்டினார்கள். கார்டு நிறுவனத்திடம் முறையிட்டேன், கையெழுத்தும் வீடியோவும் இருப்பதால் தள்ளிவிட்டார்கள். மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவிலும் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் புகார் பதிந்திருக்கிறேன்.

அதன் பிறகு மகன் தானே உட்கார்ந்து பதினொரு கல்லூரிகளுக்கு எழுதினான். ஒவ்வொரு அணியின் வீரர் பட்டியலையும் திறந்து, எத்தனை ஷார்ட்ஸ்டாப், எத்தனை இரண்டாம் பேஸ், யார் யார் அடுத்த ஆண்டு படிப்பை முடிக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான் எழுதினான். உண்மையான எண்கள், ஸ்டாண்டில் இருந்து என் கணவர் போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ. நான்கு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒரு கல்லூரியில்தான் இப்போது முதலாண்டு படிக்கிறான், இரண்டாம் பேஸ் ஆடுகிறான். டிவிஷன் 3 என்றால் கடைசி வழி என்பது போலத்தான் அந்த விற்பனையாளர் பேசினார். ஆனால் 2025-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்த பிட்சர் பில்லி வாக்னர், வர்ஜீனியாவில் அப்போது டிவிஷன் 3-ல் இருந்த ஃபெரம் என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர்.

அந்த நான்கு கல்லூரிகளில் ஒன்றை நாங்களே வேண்டாம் என்றோம். கோச் மிக இனிமையாகப் பேசினார், உடனே இடம் தருகிறேன் என்றார். பட்டியலைப் பார்த்தால் 58 பேர், அதில் பாதிக்கு மேல் முதலாண்டு, நான்காம் ஆண்டில் ஐந்தே பேர். கட்டணத்தை நம்பி ஓடும் சில சிறிய கல்லூரிகளில் மாணவர் எண்ணிக்கையை நிரப்பும் பொறுப்பு கோச்சுகள் தலையிலும் விழுகிறது. ஆகவே ஆண்டுக்கு எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டு வரை நிற்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, மாணவர்களுக்கு ஃபெடரல் அரசின் கல்வி உதவி கிடைக்கிற கல்லூரிகள் தங்கள் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டம் இருக்கிறது. வருமானத்தைப் போட்டால் தோராயத் தொகை வந்துவிடும், இலவசமாக. அக்காவின் பையன், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான். அவனுக்கு ஃபெடரல் உதவி கிடைக்காது, கல்லூரி தன் பணத்தில் தருவதை மட்டும்தான் நம்ப முடியும். ஒரு மணி நேரம் பேசிய அந்த விற்பனையாளர் விசா பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

என் மகன் படத்தை நீக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு இந்த வாரம் இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. பச்சைச் சட்டையில், இடது கையில் கிளவுஸோடு பந்தை எறியத் திரும்பும் ஒரு பையன் படத்தைக் காட்டி "இவனைச் சேர்த்துவிட்டோம்" என்று யாராவது சொன்னால், ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தேதி தெரியும்படி எடுத்தால், புகாரோடு சேர்த்துவிடுவேன்.