பெட்டியும் மீசையும்: பூக்கல் பட்டறையில் ஏழு வருஷ பாக்ஸ் பிளாட் அனுபவம்

ஆத்தங்குடியில் எங்கள் சித்தப்பாவுக்குப் பூக்கல் பட்டறை, தரையில் பதிக்கும் டிசைன் போட்ட சிமெண்டுக் கல் செய்யும் இடம். நான் காரைக்குடியிலிருந்து தினமும் பைக்கில் போய்க் கணக்கு வழக்குப் பார்க்கிறவன். கல்லூரியில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தது என்பதற்காக, எண் சம்பந்தப்பட்டது எதுவானாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய வேலை ஒன்றில்தான் பாக்ஸ் பிளாட்டை, அதாவது எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பெட்டியாக வரைந்து காட்டும் படத்தை, கையில் எடுத்தேன். ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் புழங்கியதில் அது எங்கே கை கொடுத்தது, எங்கே காலை வாரியது என்று எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு போன். தேவகோட்டையில் ஒரு வீட்டுக்கு எங்கள் கல்லைப் பதித்துக்கொண்டிருந்த கொத்தனார், "என்னண்ணே, கல்லெல்லாம் பல்லு பல்லா நிக்குது" என்றார். ஒரு கல் தடிமன், பக்கத்துக் கல் ஒல்லி. கீழே கலவையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் கல்லுக்குக் கல் அதையே செய்துகொண்டிருந்தால் அவருக்குக் கட்டுப்படியாகுமா? மேலே தேய்த்துச் சமப்படுத்தவும் வழியில்லை. ஆத்தங்குடிக் கல்லின் மழமழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடி மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, டிசைன் அச்சுக்குள் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு, சட்டத்தின் விளிம்பு மட்டத்துக்குக் கரண்டியால் வழிப்பார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை எடுத்த பிறகு தெரிகிற அந்த முகத்தில் மிஷின் பட்டால் அழகு போயிற்று.

அப்போது பட்டறையில் இரண்டு பேர் கல் ஊற்றினார்கள். மூத்தவருக்கு முப்பது வருஷப் பழக்கம். இளையவர் வந்து இரண்டு வருஷம். சித்தப்பாவின் சந்தேகம் யார் மேல் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று வாங்கிவந்து, ஆளுக்குப் பதினோரு கல்லை எடுத்து அளந்தேன். நாங்கள் எதிர்பார்க்கும் தடிமன் 20 மி.மீ.

மூத்தவர்: 19.4, 19.6, 19.7, 19.8, 19.9, 20.0, 20.1, 20.1, 20.3, 20.4, 20.7

இளையவர்: 18.6, 18.7, 18.8, 18.9, 19.0, 20.8, 20.9, 21.0, 21.0, 21.1, 21.2

சராசரி போட்டேன். இருவருக்கும் 20.0. சித்தப்பா, "அப்புறம் என்ன, ரெண்டும் ஒண்ணுதானே. கொத்தனாருக்குத்தான் கை வரல" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று ராத்திரி கட்டம் போட்ட நோட்டில் வரைந்ததுதான் என் முதல் பெட்டி. எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால், பதினொன்றில் ஆறாவது இடைநிலை. அதற்குக் கீழே இருக்கும் ஐந்தின் நடு எண் முதல் கால்மானம், மேலே இருக்கும் ஐந்தின் நடு எண் மூன்றாம் கால்மானம். இந்த இரண்டு கால்மானங்களுக்கும் நடுவில் பெட்டி, உள்ளே இடைநிலைக்கு ஒரு கோடு, பெட்டியின் இரண்டு பக்கமும் கடைசி எண்ணை நோக்கி நீளும் கோடுதான் மீசை. அவ்வளவுதான். பென்சிலும் காகிதமும் போதும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970களில் இதைப் பரப்பியபோது கையால் போடும் படமாகத்தான் நினைத்திருந்தார். அவருக்கு முன்பே, 1952-இல் மேரி எலினார் ஸ்பியர் இதே சாயலில் ஒரு படம் போட்டிருக்கிறார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. (கணினிக்காரர்கள் வாயில் நாள் முழுக்கப் புரளும் 'பிட்' என்ற சொல்லும் டூக்கி வைத்ததுதான்.)

மூத்தவரின் பெட்டி 19.7 முதல் 20.3 வரை. இளையவருடையது 18.8 முதல் 21.0 வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று தீப்பெட்டி, இன்னொன்று அலமாரி. சராசரி ஒரு வார்த்தை பேசாமல் மறைத்த விஷயம் ஒரே பார்வையில் தெரிந்தது.

காலையில் சித்தப்பாவிடம் காட்டினேன். "என்னடா, பெட்டிக்கு மீசை வச்சிருக்க?" என்றவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்டார். இளையவர் பெட்டியில் இடைநிலைக் கோடு 20.8-இல், கூரையை ஒட்டி நிற்கிறது. கோட்டுக்குக் கீழே பெட்டி நீளம், மேலே துளியூண்டு. "அப்ப கீழதான் கல்லு அதிகமா கெடக்கா?"

ஏழு வருஷத்தில் இந்தப் படத்தைப் புதிதாகப் பார்த்த அத்தனை பேரும் விழுந்த குழி இது. நான் கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னேன்: "நாலு பந்தி சித்தப்பா. பந்திக்குச் சமமான ஆள். ஒரு மீசை ஒரு பந்தி, பெட்டிக்குள்ள ரெண்டு பந்தி, இன்னொரு மீசை ஒரு பந்தி. கூடம் நீளமா இருந்தா ஆள் கூடுதல்னு அர்த்தமில்ல, இலையைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்காங்க." அதற்கப்புறம் அவர் மறக்கவே இல்லை.

இதுவரை சரி. அடுத்து நான் செய்த தப்பு. பெட்டி பெரிதாக இருக்கிறது, அதனால் இளையவரின் கை நிதானமில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பா அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டும்விட்டார். மத்தியானம் இளையவர் என்னிடம் வந்து மெதுவாக, "அண்ணே, எந்தக் கல்லு எந்தச் சட்டத்துல ஊத்துனதுன்னு பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. மூத்தவர் எப்போதும் ஒரே சட்டத்தில் ஊற்றுவார். இளையவரிடம் இரண்டு சட்டம் இருந்தது: ஒன்று விளிம்பு தேய்ந்த பழசு, இன்னொன்று வெளியில் சொல்லிச் செய்து வாங்கிய புதுசு. புதுசைச் செய்தவர் உயரத்தை ஒரு மில்லி கூட்டி வைத்துவிட்டார். மேலே இருக்கிற எண்களைத் திரும்பப் பாருங்கள். ஐந்து கல் 18.6-க்கும் 19.0-க்கும் இடையில், ஆறு கல் 20.8-க்கும் 21.2-க்கும் இடையில். நடுவில் ஒரு கல்கூட இல்லை. சராசரி 20 என்று வந்ததே, அந்த 20-க்குப் பக்கத்தில் அவர் ஒரு கல்லும் ஊற்றவில்லை. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் அவருடைய வீச்சு, அதாவது பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம், வெறும் 0.4. முப்பது வருஷ அனுபவசாலிக்கு 1.3. கையைப் பற்றி அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பாக்ஸ் பிளாட்டின் பெரிய ஓட்டை இதுதான். இரண்டு கடைசி எண், இரண்டு கால்மானம், இடைநிலை என்று ஐந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிடுகிறது. எண்கள் இரண்டு குவியலாக இருந்தாலும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, நடுவில் ஆள் நிறைய இருப்பதுபோலக் காட்டும். அன்றிலிருந்து பெட்டி போட்டால் அதன் மேலேயே ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். எண்ணிக்கை நூறுக்குள் இருக்கும்வரை இதில் ஒரு சிரமமும் இல்லை.

புள்ளி என்றதும் இன்னொன்று. மீசை எதுவரை நீளலாம் என்பதற்கு ஒரு வேலி உண்டு. பெட்டியின் உயரத்தை ஒன்றரையால் பெருக்கி, இரண்டு பக்கமும் அவ்வளவு தூரம் விடுவது. வேலியைத் தாண்டினால் தனிப்புள்ளி. மூத்தவருக்குப் பெட்டி 0.6, வேலி 18.8 முதல் 21.2 வரை. அவர் 21.5-இல் ஒரு கல் ஊற்றினால் உடனே மாட்டிக்கொள்வார். இளையவருக்குப் பெட்டி 2.2, வேலி 15.5 முதல் 24.3 வரை. அவர் 24 மி.மீ.க்கு ஊற்றினாலும் படம் கண்டுகொள்ளாது! சிதறிக் கிடக்கிறவனுக்கு வேலியும் தாராளம். தனிப்புள்ளி இல்லை என்பதை வைத்து யாருக்கும் நற்சான்று கொடுத்துவிடாதீர்கள்.

தனிப்புள்ளியாக விழுந்தது எல்லாம் குற்றவாளியும் இல்லை. எண்கள் நடுவில் நிறைய, ஓரத்தில் குறைய என்று அழகாக மணி வடிவத்தில் பரவியிருந்தாலே ஆயிரத்துக்கு ஏழு வேலிக்கு வெளியே போய்த்தான் தீரும். ஒரு தடவை 22.6 என்று விழுந்ததைத் தேடிப்போய்ப் பார்த்தால், கல்லின் முதுகில் கலவைக் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. சுரண்டிவிட்டு அளந்தால் 20.2.

எக்செல்லில் இந்தப் படம் 2016 பதிப்பில்தான் ரெடிமேடாக வந்தது. அதில் போட ஆரம்பித்ததும் இரண்டு வம்பு. முதலாவது அளவுகோல். இரண்டு பேருக்கும் தனித்தனிப் படமாகப் போட்டேன். ஒவ்வொன்றும் தன் எண்ணுக்கு ஏற்ற மாதிரி படத்தின் அளவு அச்சை நீட்டிக்கொள்ள, தீப்பெட்டியும் அலமாரியும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. ஒப்பிடுவதற்காக வந்த படம், ஒரே அளவு அச்சில் நிற்காவிட்டால் அதைக் கிழித்துப் போடலாம். இரண்டாவது வம்பு, கால்மானம் எடுக்கும் விதம். இடைநிலையை இரண்டு பாதியிலும் சேர்க்காமல் விடுவது ஒரு முறை, சேர்த்துக்கொள்வது ஒரு முறை. எக்செல் படம் தானாக எடுத்துக்கொள்வது முதல் முறையை: மூத்தவருக்கு 19.7, 20.3. சேர்த்தால் 19.75, 20.2. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் வருவதும் இதுதான். அதே பதினோரு கல், பெட்டி ஒன்றில் 0.6, இன்னொன்றில் 0.45. தம்பி மகன் ஆரில் போட்டுக் கொண்டுவந்து "பெரியப்பா, உங்க கணக்கு தப்பு" என்று நின்றபோது அரை நாள் மண்டை காய்ந்தது. யாரும் தப்பில்லை. எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனால் இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

உடைசல் கணக்கில் பாக்ஸ் பிளாட் எனக்குப் பாதிதான் உதவியது. சென்னைக்குப் போன லோடில் வைக்கோல் வைத்து அடுக்கிய ஏழு தடவை உடைந்த கல்: 1, 2, 2, 3, 3, 4, 34. அட்டை வைத்து அடுக்கிய ஏழு தடவை: 2, 3, 4, 5, 5, 6, 6. சராசரி பார்த்தால் வைக்கோலுக்கு 7, அட்டைக்கு 4.4, அட்டைதான் மேல். இடைநிலை பார்த்தால் வைக்கோலுக்கு 3, அட்டைக்கு 5, வைக்கோல்தான் மேல். அந்த 34, வழியில் லாரி போட்ட ஒரு சடன் பிரேக். நான் வைக்கோல் கட்சி. சித்தப்பா சிரித்தார்: "உன் பெட்டி அந்த முப்பத்தி நாலை வெளிய ஒரு புள்ளியா வச்சிட்டுப் போயிரும். காசு என் கையிலேர்ந்துதாண்டா போகுது." அவர் சொன்னது நியாயம். நட்டக் கணக்குக்கு மொத்தம்தான் வேண்டும், இடைநிலை இல்லை. தவிர, ஏழே லோடுக்குப் பெட்டி போட்டதே வீண் வேலை. எண்ணை வரிசையாக எழுதினாலே எல்லாம் தெரிகிறது. பத்துக்குக் கீழே என்றால் நான் இப்போது பெட்டி போடுவதில்லை.

இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று மேலே விழுந்தால் வித்தியாசம் இல்லை என்று சிலர் சட்டெனச் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை கல் அளந்தாலும் பெட்டி சுருங்காது. அது சிதறலைக் காட்டுவது. எவ்வளவு அளந்தோமோ அவ்வளவு உறுதியாகிக்கொண்டே போவது இடைநிலைதான். அதனால் ஆயிரம் ஆயிரம் கல் அளந்த இடத்தில், பெட்டிகள் உரசிக்கொண்டிருந்தாலும் வித்தியாசம் நிஜமாக இருக்கலாம்.

இப்போது பட்டறையில் ஆறு சட்டம். மாதம் ஒரு தடவை சட்டத்துக்கு முப்பது கல் அளந்து, ஆறு பெட்டியை ஒரே தாளில் புள்ளிகளோடு போட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். ஆளுக்கு ஒரு பெட்டி போடுவதை விட்டாயிற்று. அளப்பது இளையவர். சித்தப்பா காலையில் வந்ததும் தாளைப் பார்த்து, "நாலாவது சட்டத்துக்கு என்ன இவ்ளோ மீசை?" என்று கேட்கிறார். தேய்ந்த அந்தப் பழைய சட்டம் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது, சிமெண்டு மூட்டை மேல் தார்ப்பாய் பறக்காமல் இருக்க.