சிஎம்சி புகாட்டி டைப் 35: சக்கரத்தைப் பார்த்து வாங்க வேண்டிய மாடல்

1924 ஆகஸ்டில் பிரான்சின் லியோன் பந்தயத்தில் முதன்முதலாக ஓடிய புகாட்டி டைப் 35-ஐ, சின்ன மாடல் கார்கள் செய்யும் ஜெர்மன் நிறுவனமான சிஎம்சி 1:18 அளவில் (அசலில் பதினெட்டில் ஒரு பங்கு) உலோகத்தில் செய்திருக்கிறது. அசல் காரின் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2.4 மீட்டர். மாடலில் அது 133 மி.மீ. முழு நீளம் ஒரு சாண் அளவுதான்.

இந்தக் காரைச் சின்னதாகச் செய்பவர்கள் கோட்டை விடுவது சக்கரத்தில். மற்ற கார்கள் கம்பிச் சக்கரத்தில் ஓடிய காலத்தில் புகாட்டி அலுமினியத்தில் வார்த்த சக்கரம் போட்டது. தட்டையான எட்டு ஆரங்கள், பிரேக் டிரம்மும் அதோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. மலிவான மாடல்களில் ஆரம் தடித்து, டிரம் தனித் தட்டாகத் தெரியும். சிஎம்சியில் ஆரங்கள் மெலிந்து, உண்மையான வார்ப்பு போலவே இருக்கின்றன. லியோன் பந்தயத்தில் இந்தக் கார்களின் காலை வாரியது டயர்தான். ஓட ஓட மேல்தோல் உரிந்து வந்தது. சக்கரத்தில் குறையில்லை.

அடுத்து முன் ஆக்சில். அசலில் அது உள்ளீடற்ற குழாய். பட்டை ஸ்பிரிங் அதன் அடியில் தொங்காது, ஆக்சிலில் உள்ள துளைக்குள் நுழைந்து போகும். டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த ஒரு இடத்தை வைத்தே எந்த டைப் 35 மாடலையும் எடைபோட்டுவிடலாம்.

பானட்டுக்குள் நான்கு நான்காக இரண்டு பிளாக், மொத்தம் எட்டு சிலிண்டர், 1,991 சி.சி. செங்கல் அடுக்கியது போல விளிம்பு கூர்மையாக நிற்பதுதான் புகாட்டி எஞ்சினின் அழகு. 1924 காரில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிடையாது. ஆகவே அதற்காக பானட்டின் வலப்பக்கம் போடும் வட்டத் துளையும் இருக்கக் கூடாது. துளை இருந்தால் அது சூப்பர்சார்ஜரோடு பின்னால் வந்த 35பி அல்லது 35சி.

பானட்டைத் திறக்கும்போதுதான் பெரும்பாலும் சேதம் வருகிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் வார் நிஜத் தோல். நுனியைப் பிடித்து இழுத்தால் பக்கிள் துளையில் கிழியும். முனை மழுங்கிய ட்வீசரால் வாரைப் பக்கிளை நோக்கித் தள்ளி, வளைவு விழுந்த பிறகு பக்கிளின் ஊசியை விடுவியுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், பெயிண்டில் கறை ஏறும். வெறுங்கையால் தொட்டால் பளபளப்பான ரேடியேட்டரில் வியர்வைத் தடம் நின்றுவிடும், பருத்திக் கையுறை போதும். தூக்கும்போது அடித்தளத்தைப் பிடிக்க வேண்டும். வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கியர், ஹேண்ட்பிரேக் கம்பிகளில் விரல் பட்டால் வளையும்.

வெயில் படும் அலமாரி வேண்டாம். ரப்பர் டயர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தினால் தட்டையாகும், சில பிளாஸ்டிக் தளங்களில் ஒட்டியும் கொள்ளும். ஆக்சிலுக்கு அடியில் சிறு முட்டுக் கொடுத்து, டயர் தரையைத் தொடாமல் வையுங்கள்.

பழையதை வாங்குவதானால் வார்களின் துளைகளையும், பக்கவாட்டு ஸ்டெப்னியையும், முன்னால் உள்ள, எஞ்சினைக் கிளப்பும் கைச்சுழற்றிக் கம்பியையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறத்தில் பிரெஞ்சு நீலத்தையே எடுங்கள், லியோனில் ஓடிய நிறம் அதுதான்.