குறுந்தொகை 437-ஆம் பாடலும் எங்கள் 6,500 ரூபாயும்

குழந்தைக்குப் பெயர் வாங்கக் காசு கொடுத்தேன் என்று வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலூரில் என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், மனைவிக்கு இது எட்டாம் மாதம் என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பெயர் விற்ற அதே ஆளின் விளம்பரத்தைப் போன வாரம் என்னிடம் காட்டினார். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

மனைவியின் தாய்வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. மகள் அங்கே பிறந்தாள். மகம் நட்சத்திரம், ம, மி, மு, மே, இவற்றில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்றார் மாமியார். மகத்துப் பெண் ஜகத்தை ஆளும் என்று பால்காரர் வரை சொல்லியாயிற்று. என் அம்மா கடலூரிலிருந்து தொலைபேசியில், “மணிமேகலை என்று வையுங்கள், எழுத்தும் பொருந்துகிறது” என்றார். எங்கள் இருவருக்கும் அது போதவில்லை. பழைய இலக்கியத்திலிருந்தும் வர வேண்டும், யாரும் கேட்டிராததாகவும் இருக்க வேண்டும். வடலூரில் வள்ளலார் கடை விரித்தார், கொள்வாரில்லை என்பார்கள். எங்களைப் போன்றவர்களை நம்பி இவர் விரித்த கடைக்கு முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டியிருந்தது.

ஒரு மாடி அறை. வள்ளுவர் சிலை, ஊதுவத்தி, கண்ணாடி அலமாரி நிறையச் சங்க இலக்கியத் தொகுதிகள். அந்தப் புத்தகங்களின் நெகிழி உறை கூடக் கிழிக்கப்படவில்லை. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. நட்சத்திரப் பெயர் என்றால் 1,500 ரூபாய். ‘காப்பியப் பெயர்’ 4,500. அந்தப் பெயரை வேறு எந்தக் குழந்தைக்கும் தர மாட்டோம் என்ற தனித்துவச் சான்றிதழுக்கு மேலும் 2,000.

அம்மா சொன்ன பெயரை முதலில் கேட்டோம். “மணிமேகலை துறவு பூண்டவள், குடும்பத்துக்கு ஆகாது” என்றார். கண்ணகி, மாதவி எல்லாம் அரை நிமிடத்தில் தள்ளுபடி. ஆதிரையைப் பற்றிக் கேட்டபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் என்று என் மனைவிதான் சொன்னாள். சொன்னவள் அப்போதே எழுந்து வந்திருக்கலாம். நானாவது எழுந்திருக்கலாம். “பிறந்த 30 நாளுக்குள் பெயரைப் பதியாவிட்டால் அபராதம், அப்புறம் நீதிமன்றம்” என்று அவர் அவசரப்படுத்தியதில் இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.

ஐந்து பெயர்கள் அச்சிட்ட தாள் வந்தது. அதில் ஒன்று ‘விந்தா’, மணிமேகலைக் காப்பியத்தில் குழந்தைகளைக் காக்கும் மலைத் தெய்வமாம். உண்மையில் அந்தக் காப்பியத்தில் விந்தாகடிகை என்றொருத்தி விந்தியமலையைக் காக்கிறாள். பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் தீராப் பசியோடு அலைந்து, மணிமேகலை கையால் உண்டு பசி தீர்ந்து ஊர் திரும்பும் காயசண்டிகையை, தன் மலைக்கு மேலே பறந்தாள் என்பதற்காகப் பிடித்து வயிற்றில் அடக்கிக்கொள்கிறாள். நல்ல காவல் தெய்வம்! இதெல்லாம் பிறகு தெரிந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ‘மிழிரா’. முதல் மழையில் எழும் மண்வாசனை என்று பொருள், குறுந்தொகைத் தலைவி ஒருத்தியின் பெயர், 437-ஆம் பாடல் என்று தாளில் போட்டிருந்தது. ழகரம் இருந்ததால் மயங்கிவிட்டோம். எண் கணிதப்படி ஆங்கிலத்தில் எழுத இரண்டு இசட், கடைசியில் ஒரு எச். முப்பதாம் நாள் தொட்டிலில் இட்டு, காதில் மூன்று முறை அழைத்தோம். மாமியாருக்கு நாக்கு புரளவில்லை. மிளகாய் என்பது போலவே கூப்பிட்டார்.

ஒன்றரை மாத ஊசி போடப் போயிருந்தோம். செவிலியர் “மிழிரா” என்று அழைத்ததும் என் மனைவி எழுந்தாள். எதிர் வரிசையில் இன்னொரு பெண்ணும் எழுந்தார். வில்லியனூர்க்காரர். அவர்களிடமும் அதே சான்றிதழ், அதே முத்திரை, அதே 437.

கடலூரில் எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, குறுந்தொகை 401-இல் முடிகிறது. கடவுள் வாழ்த்தைச் சேர்த்தாலும் 402. இவர் 437-க்கு எந்த வழியாகப் போனார்?” என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. காதல் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதற்காகவே பெயரை விட்டார்கள். ஆகவே ‘குறுந்தொகைத் தலைவியின் பெயர்’ என்று யார் விற்றாலும் பாடல் எண்ணைத் தேடவே வேண்டாம், அது பொய். பாடிய பெண்களின் பெயர்கள் இருக்கின்றன: வெள்ளிவீதியார், ஔவையார், காக்கையைப் பாடிய நச்செள்ளையார். அவற்றை விற்க முடியாது, யாருக்கும் இலவசம்.

மிழிரா என்ற சொல்லும் அகராதியில் இல்லை. மிளிர்தல் உண்டு, ஒளிர்தல் என்று பொருள். ளகரத்தைத் தூக்கிவிட்டு ழகரத்தைச் செருகியிருப்பார்கள் என்பது ஐயாவின் ஊகம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன். அந்தப் பாடல் அழிந்துபோன ஓலையில் இருந்தது என்றார் கூசாமல். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. குறுந்தொகைக்கு அப்படி ஒரு குறை இல்லை என்றேன். ஐயாவிடம் பாடம் கேட்டுப் போனது அதற்காவது உதவியது. “பெயர் வைத்துப் பயன்படுத்திவிட்டீர்கள், திருப்பித் தர இயலாது” என்று எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். நாங்கள் பணம் அனுப்பியது ஒரு தனி ஆளின் கணக்குக்கு, ரசீது கிடையாது. சான்றிதழில் தொகை இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் போவதாக இருந்தால் (போகாதீர்கள்) ரசீதாவது கேட்டு வாங்குங்கள்.

அவசரம் என்று சொன்னாரே, அதுவும் பொய். 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது பிறப்பைத்தான். பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மாமனார் அலைச்சலுக்குப் பயந்து நகராட்சிக்குப் போவதைத் தள்ளிப்போட்டதால் நாங்கள் தப்பினோம். போன மாதம் மணிமேகலை என்று பதிந்துவிட்டோம். என் அம்மா “அன்றைக்கே சொன்னேன்” என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை.

வில்லியனூர்க்காரர்கள் அவசரத்தை நம்பி முதல் மாதமே பதிந்துவிட்டார்கள். மாற்றப் போகிறீர்களா என்று நேற்று கேட்டேன். “இல்லை அண்ணா, மிழிரா என்று கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்” என்றார் அந்தப் பெண்.